உடு என்றேன், ஊடு என்று கேட்டது

இடது முழங்கால் மடங்காத ஒருவனுக்கு எங்கள் ஊரில் இரண்டே வழி. யாராவது கைகொடுத்து ஏற்றிவிடும் பஸ்ஸில் போகலாம், இல்லையென்றால் கிளட்ச் இல்லாத கார் வாங்கலாம். பங்காருபாளையத்தில் மாங்காய் ஏற்றி வந்த டிராக்டர் என் பைக்கில் மோதிய பிறகு நான் இரண்டாவது வழிக்கு வந்தேன். யாரோ ஓட்டிச் சலித்த பழைய ஆட்டோமேட்டிக் கார். அதில் உட்கார்ந்துவிட்டால் நான் நொண்டி இல்லை. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தால் ஒரு டிரைவரைத்தான் பார்ப்பான்.

அந்தக் கார் ஒரு நாள் முன்னே போக மாட்டேன் என்றது. ரிவர்ஸ் ஒழுங்காக விழுந்தது. டி-யில் போட்டால் எஞ்சின் இரைந்ததே தவிர சக்கரம் அசையவில்லை. சித்தூரில் மூன்று மெக்கானிக்குகளைக் கேட்டேன். இரண்டு பேர் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். மூன்றாமவர் மட்டும் வாயைத் திறந்தார். "ஆட்டோமேட்டிக்கா? கியர்பாக்ஸ இறக்கிடலாம் சார். மறுபடி ஏத்துறதுக்கு கேரண்டி லேது. சென்னைக்கு எடுத்துக்கினு பூடு."

நானே இறக்குகிறேன் பார் என்று வீட்டுக்கு வந்தேன். கால் மடங்காமல் போனதிலிருந்து எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அதற்கு முன்னாலும் சாது இல்லை, ஆனால் அப்போது கோபம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். இப்போது எழுந்திருக்கவே நேரமாகிறது. அதனால் எல்லாம் வாய் வழியாகப் போகிறது. போவது என் மனைவி மேல்.

அவள் திருப்பதிப் பெண். அவள் பேசுவது தெலுங்கு, நான் பேசுவது தமிழ். பதினைந்து வருஷத்தில் எது எங்கே முடிகிறது என்று எங்களுக்கே தெரியாமல் போய்விட்டது. திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. மற்றவர்கள் இரண்டு மூன்று தடவை குத்தியும் நரம்பு கிடைக்காத குழந்தை என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வலது ஆள்காட்டி விரலைக் கையின் மடிப்பில் வைத்து, கண்ணை வேறெங்கோ திருப்பிக்கொண்டு, மெல்லத் தடவுவாள். கண்ணுக்குத் தெரியாத நரம்பு அந்த விரலுக்குத் தெரியும். ஒரே குத்து. சொல்லப்போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த விரலால்தான்.

செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பத்து நாளில் பாட்டரி, ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர், ஆக்சில் எல்லாவற்றையும் கழற்றி வைத்திருந்தேன். கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேருகிற இடத்தில் சுற்றிலும் போல்ட். எல்லாம் வந்துவிட்டன, பின்பக்கத்தில் இரண்டைத் தவிர. அந்த இரண்டும் கியர்பாக்ஸுக்கும் அதற்குப் பின்னால் இருக்கிற தகரச் சுவருக்கும் நடுவே, என் உள்ளங்கை நுழையாத சந்தில் இருந்தன. கீழேயிருந்து பார்த்தாலும் தெரியாது, மேலேயிருந்து பார்த்தாலும் தெரியாது. நீளமான எக்ஸ்டென்ஷன் இரண்டைக் கோத்து, முனையில் வளைகிற ஜாயிண்ட் மாட்டி, அதில் பதினேழாம் நம்பர் சாக்கெட் போட்டுக் கீழேயிருந்து தூக்கினேன். சாக்கெட் போல்ட் தலையைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர உட்காரவில்லை. என் கை தடி. மேலேயிருந்து விட்டால் மணிக்கட்டோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவளைக் கூப்பிட்டேன். சேலையை மாற்றிக்கொண்டு வந்து, முன்பக்கம் குனிந்து, கையை உள்ளே விட்டாள். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உந்தி, இருக்கு. ஆறு மூலையும் தெரியுது," என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கீழே படுத்துக்கொண்டு, "சாக்கெட்ட அது மேல உக்கார வை. நான் சுத்துறேன். போல்ட் ஊடின உடனே புடிச்சுக்க, உள்ள வுழுந்துச்சுன்னா தேட முடியாது," என்றேன். ஊடுவது என்றால் கழன்று வருவது. தெலுங்குச் சொல்தான், ஆனால் எங்கள் வீட்டில் பித்தானும் பல்லும் ஊடித்தான் போகும்.

முதல் போல்ட் ஊடியது, அவள் பிடித்துக்கொண்டாள். அதற்குள் அவள் மேல் நாலைந்து தடவை கத்திவிட்டேன். கீழே நான் சொல்வது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "ஏமி?" என்பாள். "காது இன்னா செவுடா? ஒரு தபா சொன்னா புரியாதா?" என்பேன். நான் சுற்றுகிற ராட்செட் வழுக்கி என் விரல் முட்டி தகரத்தில் இடித்தது அவள் குற்றம். கண்ணில் துரு விழுந்ததும் அவள் குற்றம். கொஞ்ச நேரத்தில் அவள் "ஏமி" கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒருவழியாகப் புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

இரண்டாவது போல்ட் பாதி சுற்றியிருக்கும்போது கியர்பாக்ஸ் அசைவதைப் பார்த்தேன். அதைத் தாங்கியிருந்த ஜாக் எண்ணெய் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஜாக்கை நம்பக் கூடாது, கீழே மரக்கட்டை அடுக்க வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். கட்டை கொல்லையில் கிடந்தது. எழுந்துபோகச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். கியர்பாக்ஸ் பின்னால் சாய்ந்தது, சந்து குறுகியது.

"உடு! உடு!" என்று கத்தினேன்.

விடு, கையை எடு என்று அர்த்தம். கத்துகிறபோது குறில் நெடிலாகிவிடும். மேலே அவளுக்கு அது "ஊடு" என்று கேட்டிருக்கிறது. போல்ட் ஊடிவிட்டது, பிடி என்று எடுத்துக்கொண்டு, கையை இன்னும் உள்ளே விட்டாள்.

அவள் அலறவில்லை. "அம்மா" என்று ஒரு சத்தம், அதுவும் மெதுவாக. நான் ஜாக் கைப்பிடியைத் தேடிப் பிடித்து அடித்துத் தூக்குவதற்குள் எவ்வளவு நேரம் ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையை வெளியே எடுத்தபோது வலது ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கியிருந்தது.

எலும்பு ஒன்றரை மாதத்தில் கூடிவிட்டது. கடைசித் தடவை கட்டுப் பிரித்தபோது, அவள் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரியில், டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியில் ஊசியால் மெல்லத் தொட்டார். "தெலுஸ்துந்தா அம்மா?" என்றார். இன்னொரு இடத்தில் தொட்டார். அவள் கண்ணைத் திறந்து, தொடுகிறாரா இல்லையா என்று பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை.

எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். அதற்குள் இருபது பேருக்குச் சொல்லி அந்தக் கதை எனக்குப் பாடமாகியிருந்தது. உடு என்றேன், ஊடு என்று கேட்டது, தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் இருந்தால் இப்படித்தான் சார் என்றேன். டாக்டர் சிரித்தார், நர்ஸும் சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். இனி அவளுக்கு ரசீது எழுதுகிற இடத்தில் வேலை கொடுப்பார்கள் என்று வெளியே வரும்போது சொன்னார்கள்.

சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாதித் தூரம் போனதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏவண்டி, எனக்கு அப்பவே சந்தேகமாத்தான் இருந்துச்சு. உடுன்னு சொன்னீங்களா, ஊடுன்னு சொன்னீங்களான்னு. இன்னொரு தபா கேக்கலாம்னுதான் இருந்தேன்."

"கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டா கத்துவீங்க. அதனால கைய உள்ள உட்டுட்டேன்."

குற்றம் சாட்டுகிற மாதிரி சொல்லவில்லை. யாரோ ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எதற்கெடுத்தாலும் திறக்கிற வாய் அது.

சித்தூரில் பஸ் நின்றதும் அவள் முன்னால் இறங்கினாள். கடைசிப் படி உயரம், என் கால் மடங்காது. கீழே நின்று வலது கையை நீட்டினாள், பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு அதை மடக்கி இடது கையை நீட்டினாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.