மாமாவின் எடை

என் மாமாவின் எடை ஐம்பத்தைந்து கிலோ. எட்டு வயதில் எனக்கு இது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். அரிசி மூட்டை இருபத்தைந்து, நான் இருபத்திரண்டு, அம்மிக் குழவி எட்டு. மூன்றும் சேர்ந்தால் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பென்னலூரில் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கார் கம்பெனியில், லைனின் கடைசியில், சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கிற இடத்தில் வேலை. அங்கே எல்லாவற்றையும் மெஷின் பார்த்துக்கொள்ளும். வீட்டில் அவருடைய பழைய சிவப்புக் காருக்கு ஏது மெஷின்? நான்கு தண்ணீர் கேன், தூண்டில் நரம்பு, ஒரு ஸ்டீல் ஸ்கேல், அப்புறம் நான்.

இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்திலிருக்கிற ரேஸ் டிராக்கைச் சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். முந்தின நாள் மத்தியானம் பக்கத்துக் காலி மனையில் மாமா வண்டியை மாற்றுவார். ரோட்டில் நேராக நிற்கிற முன்சக்கரங்கள், டிராக்கில் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய வேண்டும். இரண்டும் ஒரு மயிரிழை வெளியே பார்க்க வேண்டும். அப்போதுதான் வளைவில் சொன்ன பேச்சு கேட்கும். ஞாயிறு சாயந்திரம் மறுபடி ரோட்டுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். எந்த வண்டியாவது ஒரு பக்கமாக இழுத்தால், “வண்டிக்கு வூட்டு நெனப்பு வந்துடுச்சு” என்பார் மாமா.

ஓட்டுகிறவர் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு அமுங்குமோ, அவ்வளவு அமுக்கி வைத்துத்தான் அளக்க வேண்டும். மாமா வெளியே மண்ணில் படுத்து நூல் பார்க்கிறார் என்றால், உள்ளே இன்னொரு மாமா வேண்டும். அந்த மாமா நான்தான். டிரைவர் சீட்டில் மூட்டை, மூட்டையின் மேல் நான், என் மடியில் குழவி.

“ஆடாம உக்காரு கண்ணு. மூச்சு வேணா வுட்டுக்கோ.”

அசையாமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும். வண்டியின் இரண்டு பக்கமும் கேனுக்குக் கேன் கட்டிய நரம்பு வெயிலில் இருந்தாற்போல் மின்னும், இருந்தாற்போல் காணாமல் போகும். தூரத்து ஹைவேயில் புதுக் கார்களைச் சுமந்துகொண்டு டிரெய்லர்கள் மிதந்துபோகும். நானும் போவேன். ஸ்டீயரிங் அசையாமலிருக்கக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். அதனாலென்ன, ஏரிக்கரை ஏறி, ஒரகடம் தாண்டி, கடல் வரைக்கும் போய்த் திரும்புவேன். மடியிலிருக்கிற குழவி முதலில் சில்லென்றிருந்து, பிறகு என் சூட்டையே வாங்கிக்கொண்டு, தூங்குகிற குழந்தை மாதிரி கனக்கும்.

இதில் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமாவின் மனைவி. தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, வடக்குப்பட்டு ஹாஸ்டலில் இருந்தவள். ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் காருக்கு ஸ்டீயரிங் மாட்டுகிற வேலை. “எத்தன ஸ்டீயரிங்க மாட்டிட்டேன், ஒண்ணக்கூட முழுசா ஒரு சுத்து சுத்தினதில்ல” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாகியும் மாமாவின் வண்டியில் அவளுக்கு இடப்பக்க சீட்தான். டிராக்கில் ஒரே ஒரு தடவை தானே ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு அம்மா, “ஆம்பளைங்களே சும்மா சுத்திகினு வரானுங்க. இவ போயி அங்க இன்னா பண்ணப் போறா?” என்று முடித்துவிட்டாள்.

மாமா அம்மாவுக்குத் தெரியாமல் அந்த மாதம் டிராக்கில் அத்தையின் பெயரைக் கொடுத்துவிட்டார். அத்தையும் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.யை வேறொருத்திக்குத் தள்ளிவிட்டாள். அம்மாவிடம் சொன்னது, சாப்பாடு கட்டிக்கொண்டு அவளும் கூடப் போகிறாள் என்பது. என்னிடம் எதுவுமே சொல்லவில்லை. என் வாய் எங்கள் தெருவுக்கே தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மாமா மூட்டையை வைத்தார், என்னை வைத்தார், குழவியை வைக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். சொன்னால், ‘ஆடாம உக்காரு’ என்பார். அவர் பத்து நம்பர் ஸ்பானர் தேடி மாடிக்குப் போனபோது இறங்கி ஓடி, கொல்லையிலிருந்து குழவியைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தேன். மடியில் வைத்தால் பார்த்துவிடுவார். சீட்டுக்கு அடியில் உருட்டிவிட்டு ஏறிக்கொண்டேன். மாமா வந்து பானெட்டை நான்கு தடவை அமுக்கிவிட்டு நரம்பைக் கட்டினார். மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் நான் கடலுக்குக் கிளம்பினேன்.

மறுநாள் என்னையும் ஏற்றி அனுப்பினாள் அம்மா. பிள்ளை கூட இருந்தால் தம்பி மெதுவாகப் போவான் என்று அவள் கணக்கு. டிராக் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. உள்ளே விடுவதற்கு முன், வண்டிக்குள் உருளுகிற பொருள் ஏதாவது கிடக்கிறதா என்று ஆரஞ்சுக் கோட்டு போட்ட ஒருவர் பார்ப்பார். பிரேக் அடிக்கும்போது ஒரு தண்ணீர் பாட்டில் மிதிக்கடியில் போனாலே முடிந்தது கதை. அவர் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். அப்படியே நின்றார். பிறகு இரண்டு கையாலும் குழவியை வெளியே எடுத்தார்.

“இன்னா சார் இது? மூணு ரவுண்டு வுட்டுட்டு சட்னி அரைக்கப் போறீங்களா?”

வரிசையே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“வரிசைல கடைசிக்குப் போங்க. பன்னெண்டு மணிக்கு கேட்ட மூடிடுவோம்.”

எங்களுக்கு முன்னால் பதினோரு வண்டிகள். மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “உன் எடைக்கு மேல எட்டு கிலோவ வச்சு அளந்துருக்கேன். இப்ப அது இல்ல. அரை மில்லி போச்சு.”

“போனா போட்டும். அப்படியே ஓட்டுதேன்” என்றாள் அத்தை.

“அந்த மூணாவது வளைவுல வண்டி உன்ன ஏமாத்துச்சுன்னா?”

“அப்ப திரும்ப அளங்க. மூட்டைக்கு எங்க போவ? நான்தான் இருக்கேன்லா.”

அத்தை டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மாமா யார் யாரிடமோ கேட்டு நான்கு தண்ணீர் கேன் வாங்கிவந்து நரம்பைக் கட்டினார். கண்ணை மூடி, கையை மடியில் வைத்து, நான் உட்கார்வதைவிட நன்றாக அவள் உட்கார்ந்தாள். எந்த ஏரிக்கரையில் ஏறினாளோ. மாமா படுத்தார், எழுந்தார், ஸ்பானரைக் கால் திருப்புத் திருப்பினார். முன்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

கேட் மூடுவதற்குக் கடைசியாக உள்ளே போன வண்டி எங்களுடையது. மாமா தன் ஹெல்மெட்டை எடுத்து அத்தையின் தலையில் மாட்டினார்.

அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் புரிந்துவிட்டது எனக்கு. குழவி வைத்திருந்ததற்காக மாமாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். அவருக்குப் பதில் அத்தையை ஓட்டச் சொல்லிவிட்டார்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினேன். சிவப்பு வண்டி கானலுக்குள் போய்க் கரைந்தது. சத்தம் மட்டும் எங்கோ சுற்றியது. பிறகு மறுபக்கத்திலிருந்து மெல்லத் திரண்டு வந்தது. மூன்று தடவை. மாமாவின் கண்ணும் ஈரமாயிருந்தது. பாவம், வண்டி போன துக்கம் என்று நினைத்தேன்.

இறங்கி வந்த அத்தை ஹெல்மெட்டை மாமாவிடம் நீட்டினாள். “வண்டிக்கு வீட்டு நெனப்பே இல்லங்க” என்றாள். பிறகு என் கன்னத்தைத் துடைத்து, “ஏட்டி, அம்மாட்ட ஒண்ணும் சொல்லிராத” என்றாள். என் குற்றத்தை மறைக்கிறாளே என்று அவளைக் கட்டிக்கொண்டேன்.

சாயந்திரம் காலி மனையில் வண்டியை ரோட்டுக்கு மாற்றினார் மாமா. மூட்டை, மூட்டையின் மேல் நான். மடி காலியாக இருந்தது.

“மாமா, கொழவி?”

“வேணாம் கண்ணு. இனிமே இதான் கணக்கு.”

திங்கட்கிழமை காலை அத்தை சிவப்பு வண்டியை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள். அம்மா வாசலில் நின்று, “இன்னாடா இது?” என்றாள். மாமா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பெனி பஸ் வருகிற முனைக்கு நடந்தார். விசிலடித்துக்கொண்டு போனார்.

இந்தத் தண்டனை எத்தனை நாளைக்கு என்று அவரிடம் கேட்க நினைத்தேன். பயமாக இருந்தது, கேட்கவில்லை. என் டிபன் டப்பாவிலிருந்த முட்டையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அவர் பையில் வைத்துவிட்டு வந்தேன்.