நான் குறித்துக் கொடுத்த தேதிகள்

இரத்தப் பரிசோதனைத் தாளில் அச்சாகியிருப்பது, நானே செய்தது, என் காதால் கேட்டது ஆகிய இம்மூன்றுக்கு அப்பால் இங்கே எதையும் எழுதப்போவதில்லை. ஈராண்டுக் காலம் நிகழாத ஒன்றுக்குத் தேதி குறித்துக் கொடுத்தவள் நான். என் சொல்லுக்கு இனிச் சான்று வேண்டும்.

கல்லூரி நாட்களில், மெலிய வேண்டும் என்ற வெறியில் உணவைத் துறந்தேன். மாதவிலக்கு நின்றது. மருத்துவம் பார்த்து, மீண்டும் உண்ணத் தொடங்கி, பார்ப்பவர் கண்ணுக்குத் தேறினேன். விலக்கு மட்டும் திரும்பவில்லை. அதை மறைத்தே பட்டாபிராமில் வாழ்க்கைப்பட்டேன்.

கணவர் வீட்டில், விலக்கான பெண் மூன்று நாள் அடுக்களைக்குள் நுழையலாகாது, விளக்கேற்றலாகாது. ஒரு மாதம் அவள் ஒதுங்காவிட்டால், கர்ப்பம் என்று வீடே கொண்டாடத் தொடங்கிவிடும். ஆகவே மாதந்தோறும் மூன்று நாட்களை நானே தேர்ந்து, பின்னறையில் பாய் விரித்து அமர்ந்தேன். மாமியார் தட்டில் சோறு கொண்டுவந்து வைப்பார், நாட்காட்டியில் வட்டமிடுவார்.

"இந்த மாசமும் உக்காந்துகினியா? சஷ்டிக்கு வெறும் வயித்தோட இரு. முருகன் குடுப்பாரு."

குழந்தை வேண்டிப் பட்டினி கிடக்கச் சொன்னார். எனக்கு அதனினும் இனிய கட்டளை வேறில்லை. சஷ்டிக்கு இருந்தேன், பிறகு செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இருந்தேன். பக்தி என்று மெச்சினார்கள். பழைய நோய் திருநீறு பூசிக்கொண்டு வந்துவிட்டதை அறிந்தவள் நான் ஒருத்திதான்.

குழந்தை என் கணவரின் ஒரே ஆசை, என்னுடையதும் அதுவே. அந்த வட்டங்களை வைத்தே கருத்தரிக்கக்கூடிய நாட்களைக் கணக்கிட்டு இரண்டாண்டு காத்திருந்தவர் அவர். அம்பத்தூரில் ஒரு மருத்துவரிடம் சென்றபோது, தேதிகளை ஒன்றுவிடாமல் கைப்பேசியில் படமெடுத்து வந்திருந்தார். மருத்துவர் பரிசோதனைத் தாளையும் அந்தப் படங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஹார்மோன் எல்லாமே ரொம்பக் கம்மியா இருக்கும்மா. பட்டினி கிடக்கிற உடம்புல, முட்டையை வளர்க்கச் சொல்லி மூளையிலேருந்து உத்தரவே போகாது. இந்த ரிப்போர்ட்டுக்கு மாசாமாசம் பீரியட்ஸ் வந்திருக்க வாய்ப்பில்லை. தேதி யார் குடுத்தது?"

கணவர் அருகில் இருக்க, எல்லாவற்றையும் சொன்னேன்.

திரும்புகையில், இரயில் ஆவடி தாண்டியதும் அவர் கேட்டார்:

"எங்கம்மா முட்டி வலியோட மூணு நாளும் சோறு தூக்கிகினு வந்துச்சே, அப்பகூட சொல்லணும்னு தோணலியா ஒனக்கு?"

வீட்டில் அவர் சொல்லக் கேட்ட மாமியார் அவ்வளவு மென்மையானவர் அல்லர். "சோறு துன்ன வாயி வலிக்குதாம். பொய்யி மட்டும் நல்லா செரிக்குது மவராசிக்கு!"

விரதங்கள் அனைத்தையும் நிறுத்தி, வேளை தவறாமல் உண்ணும்படி மருத்துவர் பணித்தார். உண்டேன். ஒவ்வொரு கவளமும் சண்டையிட்டே இறங்கியது. ஏழாம் மாதம் உதிரம் வந்தது. குளியலறையில் நின்று அழுதேன். வெளியே வந்து மாமியாரிடம் சொன்னேன்.

"இந்த தபா நெசமா, இல்ல டிராமாவா? காட்டு."

காட்டினேன். பார்த்தவர், குக்கரை இறக்கப் போனார்.

கருமுட்டை வளர்கிறதா என்பது இன்னும் உறுதியாகவில்லை. நான் உண்மை சொல்லியிருந்தால் இதற்குள் ஒரு குழந்தை பிறந்திருக்குமா என்பதை மருத்துவராலும் கூற இயலவில்லை. அடுத்த ஸ்கேனுக்குக் கணவர் உடன் வருவாரா என்பது எனக்குத் தெரியாது.