சோத்துக் கை

சித்தூரில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்குப் பயிற்சிக்காக ஒரு டீச்சர் வந்தார். ஒல்லியானவர். கேள்வி கேட்டதும் பதிலைத் தன்னையறியாமல் உதட்டுக்குள் முணுமுணுப்பார். அவர் பாடம் நடத்துவதைப் பார்க்கக் கல்லூரியிலிருந்து சார் வருவதற்கு முந்தின நாள், "எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சா சோத்துக் கை, தெரியலன்னா பீச்சாங்கை," என்று சொல்லிவைத்தார்.

மறுநாள் எனக்குப் பதில் தெரியாது. சார் முன்னால் எழுந்து நிற்கும் ஆசையில் வலது கையைத் தூக்கினேன். டீச்சர் நம்பிக் கூப்பிட்டார். நான் விழித்தேன். சார் ஏதோ எழுதிக்கொண்டார்.

அவர் போனபின் டீச்சர் என்னருகே வந்தார். "நீ பீச்சாங்கையில துன்ற பையனாடா? அப்போ உனக்குச் சோத்துக் கைன்னா இடதுதானே. நான்தான் கேட்டுக்கினு சொல்லியிருக்கணும். என் தப்பு."

ஆமென்று தலையாட்டினேன்.

மதியம் அவர்தான் சோறு போட்டார். இடது கையால் தின்றேன். பயிற்சி முடிந்து அவர் போகும்வரை அப்படியேதான் தின்றேன்.