அத்தை மாற்றிச் சொன்னவை

என் அத்தை ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் மேற்பார்வையாளர். அவளுக்குக் கீழே பன்னிரண்டு பேர், நாலு மொழி. நாலும் தெரிந்த ஒரே ஆள் அத்தைதான். மாமா லாரி ஓட்டிய ஊர்களிலெல்லாம் குடித்தனம் நடத்தியதில் சேர்ந்த சொத்து அது. வேறு சொத்து எதுவும் சேரவில்லை.

மேனேஜருக்கு வாய் கொஞ்சம் நீளம். "அந்த எருமைகிட்ட சொல்லுங்க, விரிப்பெல்லாம் கசங்கியே வருது!" என்பார். அத்தை இஸ்திரிக்காரரிடம் போய் அவர் மொழியில், "சார் உன் வேலைய மெச்சுறாரு. ஓரத்த மட்டும் இன்னொரு தரம் தேய்க்கணுமாம்" என்பாள். அவர் மேனேஜரின் பரம்பரையையே இழுத்து ஒன்று சொல்வார். "சரிங்க சார்னு சொல்றான்" என்று அத்தை திரும்பி வருவாள். மூன்று வருஷம் சண்டையே இல்லை. இந்த ஒற்றுமைக்காக மேனேஜருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுப் பத்திரம்கூட வந்தது.

ஈரத் தரையில் நின்று நின்று அத்தையின் முட்டி வீங்கிப் போனது. மாடியில் தையல் அறையில் ஓர் இடம் காலியானது. உட்கார்ந்து செய்கிற வேலை. எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் தாளைப் படிக்கக்கூட இல்லை.

"நீங்க போயிட்டா இங்க வெட்டுக்குத்தாயிடும்மா. அவங்களுக்கு என்மேல எவ்ளோ மரியாதை! அத யார் எனக்கு எடுத்துச் சொல்வாங்க?"

"உண்மையப் போட்டு உடைச்சிடு அத்தை," என்று நான்தான் ஏற்றிவிட்டேன். "ரெண்டு பேரும் முட்டிக்கிட்டா, உன்ன இங்க வெச்சு என்ன பிரயோஜனம்னு மாடிக்கு அனுப்பிடுவாங்க."

மறுநாள் மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போதே அத்தை இஸ்திரிக்காரரிடம் சொன்னாள்: "சார் உன்ன எருமைங்கிறாரு."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "போக்கா! முட்டி வலிக்குதுன்னு அந்த நல்ல மனுஷன் தலையில பழி போடாத."

அத்தை மேனேஜர் பக்கம் திரும்பினாள். "சார், மூணு வருஷமா இவன் உங்கள திட்டிக்கிட்டுதான் இருக்கான்."

"பாவம்மா நீங்க, ரொம்பக் களைச்சுட்டீங்க," என்றார் மேனேஜர்.

பிறகு இரண்டு பேரும் கைஜாடையிலேயே ஏதோ பேசிக்கொண்டார்களாம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, சலவை இயந்திரங்களுக்கு நடுவே போட்டார்கள். முதுகுக்குத் தலையணை வேறு. தையல் அறைக்கு வேறொரு அம்மாளை எடுத்தாகிவிட்டது.

அத்தை இதைச் சொன்னபோது நான் அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிராமலே கேட்டேன்: "நாற்காலி எப்படி இருக்கு அத்தை?"

"இரும்புடி," என்றாள். "இந்த ஜென்மத்துல ஒடையாது."