ஐம்பது யூரோவும் ஓட்டை விழாத பெட்டியும்

1. மேசைக்கு வந்த பெட்டி

“தம்பி, இதை வெட்டாமல் அந்தக் காசை எடுக்க ஏலாதோ?”

ஒரு புது வீடியோ கமெராப் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, எங்கள் தமிழ் ஆக்களில் ஒருவரான ராணி அக்கா கேட்ட முதல் கேள்வி இது. யூரோ வந்து கொஞ்ச காலம். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் நான் வாடிக்கையாளர் சேவை மேசையில் இருந்தேன். விற்ற சாமானை மாற்றிக் கொடுப்பதும் திட்டு வாங்குவதும்தான் வேலை. திட்டுத்தான் அதிகம்.

அந்தக் கமெராவுக்கு ஒரு ‘காசு திரும்பும்’ ஆக்ஷன், அதாவது விற்பனைச் சலுகை, இருந்தது. கடையில் முழு விலையையும் கட்ட வேண்டும். பிறகு பெட்டியில் உள்ள பார்கோட்டை வெட்டி, பில்லின் பிரதியும் நிரப்பிய படிவமும் சேர்த்துக் கம்பனிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். கம்பனி ஐம்பது யூரோவை வங்கிக் கணக்கில் போடும். பார்கோட் அசலாக இருக்க வேண்டும், பிரதி செல்லாது.

“வெட்டத்தான் வேணும் அக்கா. ஒரு சின்னச் சதுரம்தானே.”

“உங்களுக்குச் சின்னச் சதுரம். ஓட்டை விழுந்த பெட்டியைக் கொண்டுபோய் மச்சானிட்டை எப்பிடிக் குடுக்கிறது?”

மச்சான் என்றது யாழ்ப்பாணத்தில் இருக்கும் கணவரின் தம்பியை. சில வருடங்களுக்கு முன் அவருக்கு ஒரு ரேடியோ அனுப்பியிருக்கிறார்கள். வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகப் பெட்டியைத் திறந்துவிட்டு, மண்ணிற டேப் ஒட்டி அனுப்பியதுதான் பிழை. “ஜெர்மனியில எறியிற பழசைக் கட்டி அனுப்பியிருக்கினம்” என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. இப்போது சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்தது. கணவருக்கு லீவு கிடைக்காததால் அக்கா தனியாகப் போகிறார். மச்சான் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் தொழில் தொடங்க ஆசைப்படுகிறார் என்று கேள்விப்பட்டு, சமாதானம் பேசத்தான் இந்தக் கமெரா.

“அப்ப ஐம்பதை விடுங்கோ அக்கா.”

“விடுறதோ? அதை நம்பித்தானே வாங்கினனான்!”

குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

2. ஷெஃப் சொன்ன காரணம்

எங்கள் ஷெஃப், அதாவது கடை மேலாளர், ஹெர் குறூஸ சிரிக்காமல் பகிடி விடும் மனிதர். அன்று மத்தியானம் கோப்பி குடிக்கும்போது அவரிடம் கேட்டேன்: கம்பனிக்கு ஐம்பது குறைக்க விருப்பமென்றால் விலையிலேயே குறைக்கலாமே, சனத்தை ஏன் கத்தரிக்கோலோடு அலைய விடுகிறார்கள்? அவர் ஜெர்மனில் சொன்னதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

“விலையில குறைச்சா எல்லாருக்கும் குறைக்க வேணும். பிறகு கூட்டினா சனம் கத்தும். இப்பிடிச் செய்தா ஐம்பது எண்டு பெரிசா எழுதலாம். சனம் அதைப் பாத்து வாங்கும். வாங்கின எல்லாரும் அனுப்பமாட்டினம். ஒருத்தன் பில்லைத் துலைப்பான், ஒருத்தன் பெட்டியை எறிவான், ஒருத்தன் நாளைக்கு நாளைக்கு எண்டு திகதியை விட்டிடுவான். அதோட, பார்கோட்டை வெட்டின சாமானை நாங்கள் திருப்பி எடுக்கிறேல்லை. அதுவும் எங்களுக்கு நல்லது.”

“பெட்டியை வெட்ட மனமில்லாதவை?”

“அவையும் அந்தக் கணக்கிலதான்” என்று கோப்பியை முடித்துக்கொண்டு எழும்பினார்.

எனக்குக் கோபம் வந்தது. கம்பனியில் கோபமா, அந்த மச்சானில் கோபமா என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

3. அக்காவின் ஏற்பாடு

அடுத்த நாள் அக்கா திரும்பி வந்தார். யோசித்து ஒரு முடிவோடுதான் வந்திருந்தார்.

“பெட்டியை முழுசாக் கொண்டுபோறன். மச்சான் திறந்து பாக்கட்டும். பாத்த பிறகு வெறும் பெட்டிதானே? சத்தம் போடாமல் வெட்டி எடுத்துக்கொண்டு வாறன்.”

கடைசித் திகதியைப் பார்த்தேன். அவருடைய விமான ரிக்கற்றைப் பார்த்தேன். திகதிக்கு இரண்டு நாளைக்கு முன் வந்து இறங்குகிறார். விமானம் பிந்தினால் போச்சு. படிவத்தை நிரப்பி, பில்லின் பிரதியோடு கடித உறைக்குள் வைத்து, முத்திரையும் ஒட்டி என் மேசை லாச்சிக்குள் போட்டேன். அவர் ஊரில் இருந்த கிழமைகளில் லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் அந்த உறைதான் கண்ணில் பட்டது.

விமானம் ஒரு நாள் பிந்தியது. கடைசி நாள் காலையில், துப்பரவு வேலை முடித்த உடுப்போடேயே அக்கா மேசைக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்தார். அதற்குள் பொலித்தீனில் சுற்றிய பார்கோட் இருந்தது. அடிமட்டம் வைத்து வெட்டியதுபோல நாலு பக்கமும் நேர்.

“வடிவா வெட்டியிருக்கிறியள்.”

“நான் வெட்டேல்லைத் தம்பி. மச்சான் வெட்டினவர்.”

நான் உறையை ஒட்டாமல் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

“வந்த சனம் போகட்டும் எண்டு பாத்திருந்து, குசினிக்குப் பின்னாலை கத்தியோட குந்தினன். மச்சான் பின்னுக்கு வந்து நிண்டு, என்ன மச்சாள் செய்யிறியள் எண்டார். எனக்குப் பொய் சொல்ல வாய் வரேல்லை. இதை அனுப்பினா ஐம்பது யூரோ வருமெண்டன். அவ்வளவு காசுக்கு நான் ஒரு நாள் முழுக்கப் படி துடைக்க வேணுமெண்டும் சொன்னன். ஊரில நாங்கள் ஒபிசில வேலை எண்டுதானே சொல்லி வைச்சிருந்தனாங்கள். அவர் என்ரை கையில இருந்த கத்தியை வாங்கி வைச்சிட்டு, சவரப் பிளேட்டும் அடிமட்டமும் கொண்டுவந்து தானே வெட்டித் தந்தவர். அண்டைக்குப் பின்னேரம் என்ரை மனுசனுக்குப் போன் எடுத்து, அண்ணை எண்டு கூப்பிட்டவர்.”

அக்கா கண்ணைத் துடைத்தார். உறையை நானே ஓடிப்போய்த் தபால் கந்தோரில் கொடுத்து, அன்றைய திகதி முத்திரை விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன்.

4. பிறகு

காசு வர மூன்று மாதம் கிட்டச் சென்றது. வந்தது என்று சொன்னபோது ஹெர் குறூஸ நம்பவில்லை. “யாழ்ப்பாணம் போய் வந்த பார்கோட்டோ?” என்று இரண்டு தரம் கேட்டார்.

இப்போது விற்பனை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். இப்படியான ஆக்ஷன் சாமானை விற்கும்போது, பெட்டி யாருக்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள். எங்கள் வீட்டுச் சங்கடம் ஒன்றும் கம்பனிக்குத் தெரியாது. வீட்டுக்கு வீடு ஒரு சங்கடம் இருக்கும் என்பது மட்டும் அதற்கு நன்றாகத் தெரியும்.

அந்த வருடக் கடைசியில் ராணி அக்கா திரும்பவும் வந்தார். மச்சானுக்குக் கமெரா வைக்கும் ஸ்டாண்ட் ஒன்று வேண்டுமாம். அதற்கும் ஒரு சின்ன ஆக்ஷன் இருந்தது. நான் வழக்கம்போலப் பெட்டியைப் பற்றி வாயெடுக்க முதலே, அக்கா என் மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

“மச்சான் சொல்லிப்போட்டார் தம்பி. ‘இனிமேல் பெட்டியை அங்கையே வெட்டிப்போட்டு அனுப்புங்கோ மச்சாள்’ எண்டவர்.”