ஷிப்ட் அக்காவின் சாவிக்கொத்து

பஸ் கழுவுகிறவர் சொன்னதாக டயர் மாற்றுகிறவர் சொல்லி, டிப்போ முழுக்கப் பரவிவிட்டது: யாருக்கு எந்த வண்டி என்று பட்டியல் போடும் ஷிப்ட் அக்காவின் பென்டிரைவில் ஏதோ இருக்கிறதாம், எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அவள் பட்டியலில் கைவைத்தது யாரென்று காட்டிக்கொடுத்துவிடுமாம். விஷயம் காதுக்கு வந்தபோது அக்கா மறுக்கவில்லை. பயந்து கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

உள்ளே இருந்தது பேயல்ல. இரண்டு எக்செல் கோப்புகளை ஒப்பிட்டு, மாறிய கட்டங்களைச் சிவப்பாக்கும் மென்பொருள். டிப்போ கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்பதால், பென்டிரைவிலிருந்தே ஓடும் ரகமாகப் பார்த்துப் பிடித்து வீட்டுச் சாவியோடு மாட்டியிருந்தாள். சாவி தொலைந்தால் வீடும் போச்சு, வேலையும் போச்சு என்று அவள் கணவர் கிண்டலடிப்பார்.

அன்று காலை வேலை போகத்தான் பார்த்தது. மலைப்பாதை ஓட்டுகிறவருக்கு விமான நிலைய வண்டி. மேலாளரின் மச்சான், மினி பஸ் ஓட்டுகிறவன், இரட்டை மாடி பஸ் முன்னால் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றான். சுவரில் ஒட்டிய தாளில் அப்படித்தான் இருந்தது. மேலாளர் எல்லார் முன்னாலும் சொன்னார்:

"நாளைலேருந்து நீ பார்சல் கொட்டகைக்குப் போயிடும்மா. ஷிப்ட்டை வேற ஆள் போடட்டும்."

அந்த நாற்காலிக்காக எத்தனை வருஷம் ஓடும் பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழித்தவள் அவள். நேரே போய் மேலாளரின் கம்ப்யூட்டரில் சாவிக்கொத்தோடு பென்டிரைவைச் செருகினாள். தான் அனுப்பிய கோப்பு ஒரு பக்கம். அவர் அச்சடித்த கோப்பு மறுபக்கம். ஓட்டுநர்கள் முதுகுக்குப் பின்னால் முண்டியடித்தார்கள்.

வழித்தடம், நேரம், வண்டி எண் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஓட்டுநர் பெயர்ப் பத்தி மட்டும் மேலிருந்து கீழ்வரை சிவப்பு. பெயர்கள் அகர வரிசையில் அழகாக அணிவகுத்திருந்தன.

"பேரை மட்டும் வரிசைப்படுத்தினா பக்கத்துக் கட்டமும் கூடவே வருமா சார்?" என்று மேலாளரைக் கேட்டாள் அக்கா.

மேலாளர் தொண்டையைச் செருமினார். மச்சானுக்கு எந்த வண்டி என்று சட்டெனத் தேடத்தான் அப்படிச் செய்தாராம்.

"என்னைத் தேடுறேன்னு என்னையே தொலைச்சிட்டீங்களே மாமா," என்றான் மச்சான். கூடம் அதிரச் சிரிப்பு. அக்கா சாவிக்கொத்தை உருவிக்கொண்டு, தலை நிமிர்ந்து டீக்கடைக்கு நடந்தாள்.

முதல் வாய் உள்ளே போவதற்குள் போன் அடித்தது. மேலாளர்.

"எடுங்கக்கா, நாற்காலி திரும்பக் கிடைக்கும்," என்றார் கூடவே வந்திருந்த மலைப்பாதைக்காரர்.

"'போ'ன்னு சொன்னது ஊரறிய. 'வா'ன்னு மட்டும் ரகசியமாவா? நேர்ல வந்து சொல்லட்டும்."

அவள் டீயை ஆற்றினாள். போன் மேசை மேல் அதிர்ந்து அதிர்ந்து சாவிக்கொத்தை இடித்துக்கொண்டிருந்தது.