எது சேராது என்று முதலில் படித்தவர்

கௌதமியின் நம்பரிலிருந்து போன் வந்தது. எனக்கு எழுத்து தெரியாது என்பதால் அவர் பெயருக்குப் பக்கத்தில் மருமகள் ஒரு வீட்டுப் படம் வைத்துக் கொடுத்திருக்கிறாள். அதைப் பார்த்ததும், "வூடு நல்லாத்தாம்மா கீது" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். வருஷா வருஷம் வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி புதுப்பிக்கிற சமயத்தில் அவர் முதலில் கேட்பது அதைத்தான்: "நைனா, வூடு எப்டி கீது?" என் உடம்பை விசாரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்தப் பக்கமிருந்து ஓர் ஆண் குரல், "அவங்க தம்பி பேசறேன் ஐயா. அக்கா தவறிட்டாங்க. மாரடைப்பு" என்றது. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பாக்கியம்தான் வந்து வாங்கி வைத்தாள்.

வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் அவரிடம் பாலிசி எடுத்த நீங்கள் எல்லாரும் அவரை என்னைவிட நன்றாக அறிந்திருப்பீர்கள். திருவொற்றியூரில் கடல் பக்கம் இருக்கிற எங்களுக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதை அவர் நினைவுக்காக நான் சொல்கிறேன். மருமகள் எழுதுகிறாள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காசில் கட்டிய வீடு எங்களுடையது. ஒரே மூச்சில் கட்டியதில்லை. ஒரு வருஷம் சுவர், இன்னொரு வருஷம் தளம், கடைசியாகச் சமையலறை. கடல் பார்த்த சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரைவரைக்கும் சாய்வாக ஒரு விரிசல் விழுந்தது. கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் அதிலிருந்து மணல் உதிரும். என் மகன் சேகர் கொடுங்கையூரில் ஃபிளாட் வாங்கியிருந்தான். "வித்துட்டு எங்கூட வந்துடுங்க. இது வூடா? என்னிக்காவது தலைல வுழும்" என்று ஓயாமல் சொல்வான். கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. ஏதாவது ஒரு கம்பெனி இந்த வீட்டை நம்பி இன்சூரன்ஸ் கொடுத்தால் நாங்கள் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் காலி செய்துவிட வேண்டும். பாக்கியத்துக்கு அந்த வார்த்தை கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

முதலில் வந்த ஏஜெண்ட் ஒருவர் விரிசலைப் பார்த்தார். "ஒரு காலண்டர் மாட்டுங்க பெருசு, போட்டோல தெரியாது" என்றார். அது பாக்கியத்துக்குப் பிடித்துப்போனது. அவரிடம் எடுக்கவில்லை, ஆனால் யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டாள். தெரிந்தவர் சொல்லி கௌதமி வருகிறார் என்றதும் விரிசலை வெள்ளை சிமெண்டு வைத்துப் பூசி, சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் பீரோவையும் நகர்த்தி வைத்துவிட்டாள்.

கௌதமி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்து, மூன்று சுவரையும் பார்த்துவிட்டுப் பீரோ முன்னால் வந்து நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாம்மா, இந்தப் பக்கம் மட்டும் சுண்ணாம்பு வாசன?"

"வர்றவங்க கண்ணுக்குக் கலீஜா இருக்கக் கூடாதில்ல" என்றாள் பாக்கியம்.

"நான் இன்னா பொண்ணு பாக்கவா வந்தேன்? பீரோவத் தள்ளுங்க. நைனா, அந்தக் கரண்டிய எடு, சொரண்டு."

சுரண்டினேன். பூச்சு இன்னும் ஈரம் காயவில்லை, கையோடு வந்தது. கௌதமி சுற்றிப் பார்த்து, பாக்கியத்தின் கொண்டையில் செருகியிருந்த சீப்பை எடுத்தார். விரிசல் பக்கத்தில் அதை வைத்துப் போட்டோ எடுத்தார். எவ்வளவு அகலம் என்று கம்பெனிக்குத் தெரியவேண்டுமாம். "என் சீப்பு ஆபீசுக்கெல்லாம் போகுது" என்று பாக்கியம் அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். கௌதமி அன்று சொன்னது: "கெட்டுப்போனத மொதல்ல காட்டிடணும்மா. அப்பறம் நல்லா கீறத எவனும் சந்தேகப்பட மாட்டான்." சமையலறை, தளம், வாசல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படம் எடுத்துக்கொண்டுதான் போனார்.

கம்பெனி முடியாது என்று சொல்லிவிட்டது. அதைப் போனில் சொல்லாமல், மத்தியான வெயிலில் நேரில் வந்து சொன்னார். பாக்கியம் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். "யாரு ஒன்ன இப்பவே கட்டச் சொன்னது? இன்னொரு தபா கேக்கறேன், இரு" என்று அவரே முடிச்சை அவிழ்த்தார். தனக்குத் தெரிந்த என்ஜினியர் ஒருவரைக் கூட்டிவந்தார். குளியலறைத் தண்ணீர் அஸ்திவாரத்துக்கு அடியில் இறங்குவதுதான் காரணம் என்றார் அந்த மனிதர். தண்ணீரைத் திருப்பிவிட்டோம், கம்பி வைத்து விரிசலைக் கட்டினோம். கௌதமி மறுபடி சீப்பைக் கேட்டு வாங்கி மறுபடி போட்டோ எடுத்தார். இந்தத் தடவை கம்பெனி ஒத்துக்கொண்டது. ஆனால் கடல் பார்த்த சுவர் மட்டும் பாலிசியில் சேராது.

"கிராக் வுட்ட சுவத்த வுட்டுட்டு இன்சூரன்ஸ் எதுக்கு?" என்று சேகர் எகிறினான்.

"தம்பி, மீதி மூணு சுவரும் கூரையும் ஒங்கப்பாவோடதுதான?" என்றார் கௌதமி.

பாலிசியைப் படித்துக் காட்ட அவர் உட்கார்ந்த விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் என்னென்ன கிடைக்கும் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். இவர் எது சேராது என்பதிலிருந்து தொடங்கினார். பழைய விரிசல் சேராது. வீடு மெல்ல மெல்ல இறங்கினால் சேராது. பராமரிக்காமல் கெட்டால் சேராது. கடல் அரித்தால் சேராது. ஒவ்வொன்றாகப் படித்து, என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் தப்பில்லாமல் சொன்னேன். "நைனாவுக்குக் காகிதமே தேவயில்ல, தலைலயே கீது" என்று பாக்கியத்திடம் சொன்னார். அதற்கு அவள், "பழைய சண்ட எல்லாமும் அதுலதான் கீது, அதான் பேஜாரு" என்றாள்.

பிறகு புயல் வந்தது. சமையலறைக் கூரை ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போய், சுவரையும் சாய்த்துவிட்டது. கடல் பக்கத்து விரிசலும் கொஞ்சம் வாய் திறந்தது. கம்பெனியிலிருந்து சேதத்தை மதிப்பிட சர்வேயர் வந்தார். கௌதமியும் வந்திருந்தார். எதிர்வீட்டு முனுசாமி என் காதில், "எல்லாம் புயல்தான்னு சொல்லு மாமு. எவன் கேக்கப் போறான்? வூடு புச்சாவே கெடைக்கும்" என்றான். தெரு முழுக்க வாசலில் நின்றுகொண்டிருந்தது.

சர்வேயர் விரிசலைக் காட்டி, "இது எப்ப வந்தது?" என்று கேட்டார்.

நான் கௌதமியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு சாடை, ஒரு இருமல்கூட இல்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அது பழசு சார். பாலிசில சேராது. சமையக்கட்டுதான் புயல்" என்றேன். முனுசாமி தலையில் அடித்துக்கொண்டான்.

"சுவரே பழைய விரிசல்னா, சமையலறையும் அதனாலதான் விழுந்திருக்கும்" என்றார் சர்வேயர். எங்கள் சாமானைக் கொடுங்கையூருக்கு ஏற்றிப்போக சேகர் ஏற்கெனவே லாரிக்குச் சொல்லி வைத்திருந்தான்.

அப்போதுதான் கௌதமி போனைத் திறந்தார். முதல் தடவை வந்தபோது எடுத்த படங்கள். சீப்போடு விரிசல், அடுத்ததாக, கீறல் இல்லாத சமையலறைச் சுவர். "விரிசல மறைக்காத மனுஷன், இத மறைப்பாரா சார்?" என்றார். அவ்வளவுதான் பேசினார். சர்வேயர் நெடுநேரம் படத்தையும் இடிந்த செங்கல்லையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

சமையலறைக்குப் பணம் கிடைத்தது. புது ஷீட் போடும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் சேகர். கொடுங்கையூர்ப் பேச்சை அவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

சர்வேயர் வந்த அன்றைக்கு, கௌதமி கிளம்பும்போது கேட்டேன்: "நான் மாத்திச் சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"நான் பேசியிருக்க மாட்டேன் நைனா. அடுத்த வருஷம் ஒன் வூட்டுக்கு வந்திருக்கவும் மாட்டேன்" என்றார். வண்டியை உதைத்துக்கொண்டே, "அதான் பயந்துகினு நின்னேன்" என்றார்.

உங்களில் பலரிடம் அவருடைய படம் இருக்கும், அவர் கையெழுத்து இருக்கும். எனக்குக் கையெழுத்தால் பிரயோசனமில்லை. என்னிடம் இருப்பது அவர் படித்த குரல். மழை பிடித்தால் பாக்கியம், "அந்தப் பொண்ணு படிச்சத ஒரு தபா சொல்லு" என்கிறாள். நான் சொல்கிறேன். பழைய விரிசல் சேராது, மெல்ல இறங்கினால் சேராது, பராமரிக்காமல் கெட்டால் சேராது. கடல் என்று வரும் இடத்தில் அவர் கொஞ்சம் நிறுத்தி, எங்கள் முகத்தைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுத்தான் மீதியைப் படித்தார். அந்த இடம் வந்தால் நானும் நிறுத்துகிறேன்.